காத்தாயி ஜெயித்த வழக்கு

கேள்வித்தாளைக் கொடுத்து முடித்ததும் சங்கரகோமதி தன் கைப்பையை மேசைக்கு அடியில் தள்ளினாள், அது சரிப்படவில்லை என்று எடுத்து நாற்காலியில் வைத்தாள், அப்புறம் அதையும் நம்பாமல் தோளிலேயே மாட்டிக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவே நடக்க ஆரம்பித்தாள். தேர்வு அறையில் கண்காணிப்பாளர் தோளில் பையோடு நடந்தால் பஸ்ஸுக்குக் கிளம்பி நிற்கிறவள் மாதிரித்தான் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். இத்தனை வருஷம் சட்டக் கல்லூரியில் உரிமைகளைப் பற்றிப் பாடம் நடத்தியவளுக்கு ஒரு நாள் பையோடு நடக்க உரிமை இல்லையா என்ன. பைக்குள் பழுப்பு உறை, உறைக்குள் ஒரு பழைய தீர்ப்பின் சான்று நகல், உயர் நீதிமன்ற முத்திரையோடு. மணி ஒன்றானால் தேர்வு முடியும், முடிந்ததும் அந்த உறை இரண்டில் ஓர் இடத்துக்குப் போகவேண்டும். ஒன்று, கோர்ட்டுக்கு எதிரே இருக்கும் வக்கீல் பிரிஸ்கில்லாவின் அலுவலகம். அவர் நடத்தும் கால்வாய்க்கரை வீடுகளின் வழக்கு நாளைக் காலை விசாரணைக்கு வருகிறது, வீடுகளை இடிக்கக்கூடாது என்று வாங்கிய தடை நாளையோடு தீர்கிறது. இன்னொன்று அவள் வீட்டு அலமாரி, சனிக்கிழமை வரைக்கும் மட்டும் என்று நம்பிராஜன் சார் கேட்டுக்கொண்டபடி. அவர் துறைத் தலைவர், அவளுடைய ஆய்வுக்கு வழிகாட்டியாக இருந்தவர், இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார், சனிக்கிழமை அவருக்குப் பாராட்டு விழா. உறை கோர்ட்டுக்குத்தான் போகும் என்று அவள் காலையிலேயே முடிவு செய்துவிட்டாள். முடிவு செய்தாகிவிட்டது, பிறகும் எதற்கு மனசு செக்குமாடாகச் சுற்றுகிறது என்றுதான் விளங்கவில்லை.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் நான்காம் கேள்வியை முதலில் எடுத்துவிட்டாள். கெட்டிக்காரி, தெரிந்ததை முதலில் எழுதுகிறாள். காத்தாயி வழக்கின் சாரத்தை விளக்குக. சங்கரகோமதி பார்க்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். ‘புறம்போக்கில் எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் எந்த உரிமையும் பிறக்காது, எந்நேரமும் அகற்றலாம்.’ குண்டு குண்டான எழுத்து, அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு. அடுத்த பெஞ்சில் அதே வாக்கியம் பாதி வந்திருந்தது, அதற்கும் அடுத்ததில் ‘புறம்போக்கில்’ வரைக்கும். ஒரே வீட்டுக் குழாய்களைத் திறந்துவிட்ட மாதிரி அறை முழுக்க அதே தண்ணீர். தொட்டி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், நம்பிராஜன் சாரின் பச்சை அட்டைப் புத்தகம், நிலச் சட்டம், பல பதிப்பு கண்டது. தென் மாவட்டத்தில் சட்டம் படித்த யாரைத் தட்டி எழுப்பிக் கேட்டாலும் அந்த வாக்கியத்தைக் கொட்டாவி விட்டுக்கொண்டே சொல்வான். அவளும் சொல்லியிருக்கிறாள், வருஷா வருஷம், சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டு, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, பாவம் காத்தாயி என்கிற தோரணையில். பாவமாம். நாலு மாதத்துக்கு முன்னால் கல்லூரியின் இலவச சட்ட உதவி மையத்துக்கு முப்பிடாதி வந்தாள். கால்வாய்க்கரையில் இருபது முப்பது குடும்பம், எல்லோருக்கும் நகராட்சி நோட்டீஸ், அவள் மடியில் பீடித்தட்டு, வந்த இடத்திலும் கை சும்மா இருக்காமல் இலையைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள். சங்கரகோமதி நம்பிக்கை கொடுக்கக்கூடாது என்று காத்தாயி வழக்கை எடுத்துச் சொன்னாள். முழுதும் கேட்டுவிட்டு முப்பிடாதி, வழக்கைப் பற்றி ஒன்றும் கேட்காமல், அந்தப் பெண்பிள்ளையைப் பற்றிக் கேட்டாள்.

"அப்போ அந்தக் காத்தாயி வீட்ட இடிச்சிட்டானுவளா? எங்கதான் போனா அவ, பிள்ளைகளத் தூக்கிட்டு?"

தெரியவில்லை. அதுதான் அன்றைக்கு உறுத்தியது. ஒரு பெண்பிள்ளையின் பேரை வருஷம் தவறாமல் சொல்லியிருக்கிறாள், அவள் வீடு நின்றதா விழுந்ததா என்று ஒரு நாள் கேட்டுக்கொண்டதில்லை. சார் புத்தகத்தில் இல்லை. அவர் எடுத்தாண்ட பழைய சட்டப் பத்திரிகையில் தேடினால் அங்கேயும் தீர்ப்பு இல்லை, சுருக்கக் குறிப்பு மட்டும் நாலு வரி. அந்தக் காலத்தில் முக்கியம் இல்லை என்று பத்திரிகை ஆசிரியருக்குத் தோன்றும் தீர்ப்பை முழுசாக அச்சடிக்க மாட்டார்கள், சாறு பிழிந்து கொடுத்துவிடுவார்கள். சாறு பிழிந்த மகராசன் தீர்ப்பின் நடுப்பக்கத்தில் அழகாக நின்ற ஒரு வாக்கியத்தை எடுத்தான், எடுத்தவன் அதற்கு மேலே ஒரு வரியைப் படிக்கவில்லை. அரசு வக்கீல் வாதிட்டதாவது என்று இருக்கிறது அந்த மேல் வரி. உயர் நீதிமன்றத்தின் ஆவண அறைக்கு விண்ணப்பம் போட்டு, நடையாய் நடந்து, போன வாரம்தான் நகல் கைக்கு வந்தது, கல்லூரி மரத்தடியில் ஸ்கூட்டரில் சாய்ந்தபடியே படித்தாள். அந்த நீதிபதி எதிர்வாதத்துக்கு முழு இலை போட்டுப் பாயசம் வரைக்கும் பரிமாறுகிற ஆள். அரசு வக்கீல் சொன்னதை ஒரு பக்கத்துக்கு எழுதுகிறார், நமக்கே சரிதானே என்று தோன்றும் அளவுக்கு எழுதுகிறார், அப்புறம் பக்கத்தைத் திருப்பினால் ஒவ்வொன்றாக மறுக்கிறார். இவர்களை அழைத்துக் கேட்காமல், போக வேறு இடம் காட்டாமல், கூரையிலிருந்து ஓர் ஓலையைக்கூட எடுக்கக்கூடாது. ஆகவே மேல்முறையீடு அனுமதிக்கப்படுகிறது. காத்தாயிக்குச் செலவுத்தொகையும் கொடுக்க வேண்டும். அவள் ஜெயித்திருக்கிறாள். சங்கரகோமதி ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷம் நாம் தோற்கடித்துக்கொண்டிருந்தவள் கையில் தீர்ப்போடு அங்கே நிற்கிறாள், நம்மில் ஒருவருக்கும் போய் என்ன ஏது என்று பார்க்கத் தோன்றவில்லை. மற்றவர்கள் செய்கிற தப்பு இல்லை இது. ஒரு கொத்தனார் செங்கல்லைத் தட்டிப் பார்க்காமல் வைக்க மாட்டார். நாம்தான் எதிராளி வக்கீல் பேசியதைத் தீர்ப்பு என்று பாடமாக நடத்துவோம், ஒருவர் எழுதியதை ஒருவர் மேற்கோள் காட்டுவோம், அடிக்குறிப்பும் போடுவோம். கூடுதல் தாள் கேட்டு யாரோ பெஞ்சைத் தட்டினார்கள், கொடுத்தாள், வாங்கினவன் முகத்தைப் பார்க்கவில்லை.

சாரிடம் மறைக்கவில்லை, அது ஒரு நிம்மதி. இன்று காலை ஆசிரியர் அறையில் நகலை எடுத்து வைத்தாள், அவர் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தார், அது போதும் அவருக்கு, முப்பத்தைந்து வருஷம் சட்டம் சொல்லிக்கொடுத்தவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். நகராட்சி வக்கீல் எழுத்து வாதத்தில் அவருடைய புத்தகத்தைத்தான் பக்கம் போட்டுக் காட்டியிருக்கிறார் என்றும் சொன்னாள். நாளைக்கு இந்த நகலை நீதிபதி மேசையில் வைத்தால் திறந்த கோர்ட்டில் புத்தகத்தின் பேரை வாசிப்பார்கள், அடுத்த நாள் பத்திரிகையில் வரும், சனிக்கிழமை மாலையும் கழுத்துமாக மேடையில் உட்கார வேண்டியவர். கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவர் கெஞ்சுகிற குரலில் பேசினார், அந்தக் குரலை அவள் அதுவரை கேட்டதில்லை.

"ஒரு வாரம்தானே கேக்கேன் கோமதி. இத்தன வருசம் இருந்த தப்பு இன்னும் ஒரு வாரம் இருந்தா என்ன கொறஞ்சு போவுது?"

தப்புக்கு ஒன்றும் குறைந்து போகாது சார், அது சௌகரியமாக இருக்கும். வாய்தா வாங்கச் சொல் என்றார், போன தடவையே இதுதான் கடைசி வாய்தா என்று நீதிபதி கறாராகச் சொல்லிவிட்டதை அவள் சொன்னாள். இடிக்கிற இயந்திரம் பாலத்தடியில் வந்து நிற்கிறது, முப்பிடாதி வீட்டுப் பிள்ளைகள் அதில் ஏறி விளையாடுகிறார்கள். அதை மட்டும் ஏன் அவரிடம் சொல்லாமல் விட்டாள். சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அவர் உடனே சரி என்றிருப்பார், அப்படிப்பட்ட மனிதர்தான், அதனால்தான் சொல்லவில்லையோ, அவரைச் சம்மதிக்க வைத்துத்தான் செய்ய வேண்டும் என்று ஆகிவிடக்கூடாது என்று. அவள் பிரசவமாகி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க நாள் நெருங்கிவிட்டது, அவர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அத்தியாயம் அத்தியாயமாகத் திருத்தினார், உள்ளே குழந்தை அழ அழ. மாணவர்களைக் குடிசைப் பகுதிக்குக் கூட்டிப் போகிறாள் என்று முந்தைய கல்லூரி முதல்வர் அவளுக்கு மெமோ கொடுத்தபோது, மெமோவைக் கொடுக்கிறதானால் எனக்கும் சேர்த்துக் கொடுங்கள் என்று எழுந்து நின்றவரும் அவர்தான். சட்ட உதவி மையமே அவர் போட்ட விதை. இப்போது இந்த மையத்திலிருந்தே அவருக்கு. சே, என்ன பேச்சு இது. அவருக்கு எதிராக யார் என்ன செய்கிறார்கள், ஒரு தீர்ப்பை அது இருக்கிறபடி கொண்டுபோய்க் கொடுக்கிறாள், அவ்வளவுதான். அவளுடைய இணைப் பேராசிரியர் பதவி உயர்வு நேர்காணலில், ஓய்வு பெற்றாலும், தேர்வுக் குழுவில் அவர் உட்காருவார், உட்காரட்டும், பழிவாங்குகிறவர் இல்லை. அவள் பயப்படுவது அதற்கில்லை. சனிக்கிழமை அரங்கில் நுழையும்போது அவர் தன்னைப் பார்த்துச் சிரிப்பார், எப்போதும் போல, அந்தச் சிரிப்பை எந்த முகத்தோடு வாங்குவது என்பதுதான் பயம். 

இதற்கு நடுவில் கல்லூரி மலர்க்காரர்கள் வேறு. ஆசிரியர்களின் அண்மைப் பணிகள் என்று ஒரு பக்கம் உண்டு, அரையாண்டுக்கு ஒரு முறை, இன்று மதியத்துக்குள் அவரவர் பங்கை அனுப்பச் சொல்லி அலுவலகத்துச் செண்பகம் விடாமல் தொந்தரவு பண்ணுகிறாள். எல்லோரும் அனுப்பியாயிற்று. பன்னாட்டுக் கருத்தரங்கில் பங்கேற்றார் என்றால், போனார், ஒரு சணல் பையும் சாப்பாட்டு டோக்கனும் வாங்கினார், மத்தியானம் ரயிலேறினார் என்று பொருள். அமர்வுக்குத் தலைமை தாங்கினார் என்றால் நேரமாயிற்று என்று மணியடித்தார். ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார் என்பதில் மட்டும் இந்தக் கல்லூரிக்கு ஒரு தனிச் சம்பிரதாயம், யார் எழுதினாலும் துறைத் தலைவர் பேர் முன்னால் வரும், எழுதினவர் பேர் ‘மற்றும்’ என்பதற்குப் பின்னால். அவளும் நம்பிராஜன் மற்றும் சங்கரகோமதியாகவே வளர்ந்தவள்தான், குறை ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்துக்கு இந்தத் தடவை என்ன எழுதுவது. அவளும் ஒரு கருத்தரங்குக்குப் போனாள், அவளிடமும் ஒரு சணல் பை இருக்கிறது, அதில் இப்போது வெங்காயம் கிடக்கிறது. மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை டக்கென்றது. டக், ஒரு வாரம்தானே. டக், பாலத்தடியில் இயந்திரம். வீட்டுக்குப் போய் உறையை அலமாரியில் வைத்து, சேலைக்கு அடியில் தள்ளி, கதவைச் சாத்துகிறாள், மனசு அதைச் செய்து பார்த்தது, வேண்டுமென்றேதான், கை எப்படி இருக்கிறது என்று பார்க்க. கை கூசியது. நல்லது. இதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை என்று தனக்கே அதட்டல் போட்டுக்கொண்டாள், போட்டும் மனசு இன்னொரு சுற்று சுற்றியது, இந்த முறை கொஞ்சம் மெதுவாக.

கடைசி வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. பால்துரை. தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, மகன் வயசுப் பிள்ளைகளோடு சட்டம் படிக்க வந்தவர், வகுப்பில் முதல் பெஞ்ச், தேர்வில் பதிவெண் புண்ணியத்தில் கடைசி பெஞ்ச். எழுந்தே நின்றுவிட்டார், அலுவலக வழக்கம் இன்னும் போகவில்லை. கூடுதல் தாள் என்று நினைத்து அவள் எடுத்துக்கொண்டு போனாள்.

"மேடம், நாலாங் கேள்விக்கு சார் புஸ்தகத்துல உள்ளத எழுதவா, போன வாரம் நீங்க கிளாஸ்ல சொன்னத எழுதவா?"

அறையில் எல்லாப் பேனாவும் நின்றது. போன வாரம் வகுப்பு முடிகிற நேரத்தில், மணி அடித்த பிறகு, காத்தாயி வழக்கின் முழுத் தீர்ப்பு கிடைத்திருக்கிறது, அவள் உண்மையில் ஜெயித்திருக்கிறாள் என்று சொல்லித் தொலைத்திருந்தாள். பாதிப் பேர் அப்போதே வாசலில் இருந்தார்கள். கண்காணிப்பாளர் கேள்வித்தாளைப் பற்றி வாய் திறக்கக்கூடாது, அது விதி. விதி ஒரு பக்கம் இருக்கட்டும், என்னவென்று சொல்வது. இந்தத் தாள்கள் வேறு ஊருக்குப் போகும், யாரோ ஒருவர் திருத்துவார், அவர் பக்கத்தில் ஒரு விடைக்குறிப்பு இருக்கும், அந்தக் குறிப்பில் பச்சைப் புத்தகத்து வாக்கியம்தான் இருக்கும். காத்தாயி ஜெயித்தாள் என்று எழுதினால் பால்துரைக்கு முட்டை. தன் முடிவுக்குத் தன் நேர்காணலைக் கொடுக்கலாம், தன் சனிக்கிழமையைக் கொடுக்கலாம், இவருடைய மதிப்பெண்ணை எடுத்துக் கொடுக்க இவள் யார். புத்தகத்தில் உள்ளதை எழுதுங்கள் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதுவும் ஒரு அலமாரிதானே. அப்போதுதான் வாசலில் நிழல் விழுந்ததைப் பார்த்தாள். நம்பிராஜன் சார் நின்றார், தேர்வின் முதன்மைக் கண்காணிப்பாளர் அவர்தான், அறை அறையாகச் சுற்றி வருகிற நேரம். கேள்வி அவர் காதிலும் விழுந்திருக்கிறது, கதவு நிலையைப் பிடித்திருந்த கை அப்படியே இருந்தது. சங்கரகோமதி கையிலிருந்த கூடுதல் தாளைப் பால்துரையின் பெஞ்சில் வைத்தாள்.

"விடை சொல்ல எனக்கு அனுமதி கிடையாது, பால்துரை. பொதுவா ஒண்ணு சொல்லுதேன், எல்லாருக்கும்தான். எந்தத் தீர்ப்ப எழுதினாலும் வக்கீல் சொன்னது எது, நீதிபதி சொன்னது எதுன்னு பேர் போட்டு எழுதுங்க. ரெண்டையும் எழுதலாம். பேர மாத்தி எழுதாதீங்க."

பால்துரை தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். ஒன்றிரண்டு பேனா எழுதினதை அடிக்கிற சத்தம் கேட்டது, மற்றவை விட்ட இடத்திலிருந்து ஓட ஆரம்பித்தன, எல்லோருக்கும் எல்லாம் புரிந்தாக வேண்டுமா என்ன. சார் உள்ளே வந்தார். அவளைப் பார்க்கவில்லை, வரிசைக்குள் நடந்தார், மூன்றாவது வரிசையில் அந்தக் குண்டெழுத்துப் பெண்ணின் பக்கத்தில் நின்றார். தன்னுடைய வாக்கியத்தைப் பார்த்தார், ஸ்கேல் கோட்டோடு. அந்தப் பெண் சார் தன் கையெழுத்தை ரசிக்கிறார் என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் நின்றார். இப்போது அவளிடம் ஏதாவது சொல்வார், கண்காணிப்பாளர் மாணவரிடம் பேசியதற்கு விளக்கம் எழுதிக் கொடு என்பார், கேட்கலாம், சட்டப்படி அது அவர் வேலை, எழுதிக் கொடுத்துவிடலாம். அவர் திரும்பி வெளியே போனார். நடை மட்டும் கொஞ்சம் தளர்ந்திருந்தது, அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஓடிப்போய் வேண்டாம் சார், ஒரு வாரம்தானே, இருக்கட்டும் என்று சொல்லிவிடலாம் போல இருந்தது. நிஜமாகவே இருந்தது. அந்த ஆசை அடங்குகிற வரைக்கும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், வெளியே சைக்கிள் கொட்டகையில் ஒரு நாய் தூங்கிக்கொண்டிருந்தது, அதன் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்தாள். அவரை அவளுக்குப் பிடிக்கும். நாளைக்குக் கோர்ட்டுக்குப் போன பிறகும் பிடிக்கும். இரண்டும் சேர்ந்தே இருந்து தொலையட்டும், அதில் ஒன்றைத் தள்ளினால்தான் இன்னொன்று நிற்கும் என்று யார் சொன்னது, இவ்வளவு நேரம் சுற்றினது அதற்குத்தானா. நாயின் வயிறு ஏறி இறங்கியது. அவள் பையைத் தோள் மாற்றிக்கொண்டு மறுபடி நடந்தாள்.

மணி அடித்தது. தாள்களை வாங்கி, பதிவெண் வரிசையில் அடுக்கி, நூல் கட்டி, முதன்மைக் கண்காணிப்பாளர் அறைக்கு எடுத்துப் போனாள். அவர் ஒருவராகத்தான் இருந்தார். கட்டை வாங்கி எண்ணினார், பாதியில் எண்ணிக்கை தவறி மறுபடி முதலிலிருந்து எண்ணினார், கையெழுத்துப் போட்டார். பிறகு தலை நிமிராமலே கையை நீட்டினார். எதற்கென்று அவளுக்குத் தெரிந்தது. பையைத் திறந்து, உறையைத் தொடாமல், காலையில் வருகிற வழியில் எடுத்து வைத்திருந்த ஜெராக்ஸ் பிரதியை எடுத்துக் கொடுத்தாள். முத்திரை போட்டது கோர்ட்டுக்குப் போகிறது சார் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை, ஜெராக்ஸ் என்று பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது.

"சனிக்கிழம வருவேல்லா?" என்றார்.

"வருவேன் சார். நாளைக்குக் கோர்ட்டுக்கும் போவேன்."

அவர் கண்ணாடியை மாட்டினார். இந்த முறை கடைசிப் பக்கத்துக்குப் போகவில்லை, முதல் பக்கத்தை எடுத்து, முதல் வரியில் விரலை வைத்தார். அவள் அங்கேயே கொஞ்சம் நின்று பார்த்தாள், விரல் இரண்டாவது வரிக்கு இறங்கியதும் வெளியே வந்துவிட்டாள்.

வாசல் வேப்பமரத்தடியில் ஆட்டோவுக்குக் காத்து நின்றபோது கைபேசியை உயிர்ப்பித்தாள். செண்பகம் மூன்று முறை கேட்டிருந்தாள், உங்கள் அண்மைப் பணி ஒன்றுதான் பாக்கி மேடம் என்று. சங்கரகோமதி நின்ற வாக்கில் விரலால் எழுதினாள். ‘சங்கரகோமதி, உதவிப் பேராசிரியர்: காத்தாயி வழக்கின் தீர்ப்பை முழுவதும் படித்தார்.’ இதில் முன்னால் போட யார் பேரும் இல்லை, ‘மற்றும்’ இல்லை. அனுப்பின கையோடு செண்பகம் கூப்பிட்டுவிட்டாள். ஒரு தீர்ப்பைப் படித்ததெல்லாம் ஒரு பணியா, கல்லூரி சேர்மன் பார்த்தால் சிரிப்பார், வேறே ஒன்றுமே இல்லையா என்று கவலையாகக் கேட்டாள். ஆட்டோ வந்து நின்றது. அவள் ஏறிக்கொண்டு, பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இருந்தது.

"நாளைக்கு ஒண்ணு இருக்கும் செண்பகம், நாளைக்குச் சொல்லுதேன்" என்றாள். ஆட்டோக்காரரிடம் கோர்ட்டுக்கு என்றாள்.